உதடு கூடாத பேச்சு

தாமிரபரணிக் கரையில், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மடம் இருந்தது. வாசல் ஆற்றைப் பார்த்தால் படிக்க வருகிறவர்கள் பாடத்தைக் கவனிக்கமாட்டார்கள் என்று கட்டியவர் பயந்தாராம். படிக்க வந்தவர்களோ பாதிப்பேர் பேரன் பேத்தி எடுத்தவர்கள். பாடம் சொன்ன வடிவம்மைக்குத்தான் வயது நாற்பதைத் தொடவில்லை.

ஆறுமுகநயினார் அங்கே வந்து சேர்ந்தபோது அவருக்குத் தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. நல்ல உயரம், நல்ல குரல். அந்தக் குரலால்தான் கெட்டேன் என்று வந்த அன்றைக்கே சொன்னார்.

அவருக்கு வெற்றிலைக் கொடிக்கால் தொழில். தாய் தகப்பன் சீக்கிரமே கண்ணை மூடிவிட, ஒரே தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தவர். அந்த ஓட்டத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்ளவும் மறந்துவிட்டார். தம்பியும் அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாதவன். ஒருநாள் அவன் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு மடையை அடைக்க மறந்துபோனான். வெற்றிலைக் கொடிக்குத் தண்ணீரும் வேண்டும், தண்ணீர் கட்டி நிற்கவும் கூடாது. காலையில் பார்த்தால் பாத்தியெல்லாம் குளமாகிக் கிடந்தது. வேர் அழுகி, கொடி மொத்தமும் தலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

கொடி கட்டும் ஆட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, நயினார் தம்பியிடம் "போ" என்றார்.

ஒரே சொல்தான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தம்பி கையிலிருந்த மண்வெட்டியை வரப்பில் சாத்திவிட்டுப் போனான். பசித்தால் வந்துவிடுவான் என்று நயினார் நினைத்தார். வரவில்லை. கோபம் ஆறினால் வருவான் என்று நினைத்தார். அவனுக்குக் கோபமே இல்லை என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. அண்ணன் சொன்னால் செய்கிறவன், போகச் சொன்னதும் போய்விட்டான்.

தேடாத சந்தை இல்லை, கேட்காத ஆள் இல்லை. கடைசியில் கொடிக்காலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மடத்துக்கு வந்தார். சொல்லை அடக்க ஏதாவது வழி உண்டா என்று வடிவம்மையைக் கேட்டார்.

"அடக்க எனக்குத் தெரியாது. அளக்கத்தான் தெரியும். யாப்பு படிக்கியளா?" என்றார் வடிவம்மை.

நயினார் படித்தார். சீர், தளை, அடி, தொடை என்று முரட்டுத்தனமாகப் படித்தார். கொடிக்காலில் ஒவ்வொரு கொடியாகப் பார்த்துப் பார்த்துக் கட்டியவருக்கு சீரைச் சீரோடு கட்டுவது பெரிய காரியமாக இல்லை. சின்னப் பையன்கள் தளை தட்டினால் அவர்தான் முதலில் முகத்தைச் சுளிப்பார்.

எழுத்தை வைத்து வித்தை காட்டும் சித்திரகவிப் பாடம் வந்தது. அதில் ஒருநாள் வடிவம்மை, நிரோட்டம் என்று ஒரு வகைப் பாட்டு உண்டு என்று சொன்னார். அப்படியென்றால் என்ன என்று நயினார் கேட்டார்.

"ஓட்டம்னா உதடு. வடமொழி வழியா வந்த சொல்லு. நிர்னா இல்லாதது. உதட்டுக்கு வேலை இல்லாத பாட்டு. பாடும்போது மேலுதடும் கீழுதடும் ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது."

அதாவது ப, ம, வ வரக்கூடாது. உகரம், ஒகரம், இவற்றின் நெடில்களும் கூடாது. மற்றவர்கள் உடனே விரலை உதட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்தார்கள். நயினாரும் விரலை வைத்துப் பார்த்தார். அவர் சொல்லிப் பார்த்தது ஒரே ஒரு சொல். உதடு இரண்டும் ஒட்டின, பிறகு குவிந்தன. "போ" என்பதில் உதட்டைத் தவிர வேறு எதுவுமே இல்லை. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் ஆற்றில் மூழ்கி எழுந்து, ஈர வேட்டியோடு அம்மன் சன்னதிக்குப் போய் விளக்கைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

"பாட்டுல மட்டும் இல்ல, பேச்சுலயும் இன்னைக்கு விளக்கு வச்ச பிறகு என் உதடு கூடாது, அம்மை. அந்தச் சொல்லு மறுபடி இந்த வாயில வரவே முடியாது."

"எதுவரைக்கும்?"

"கட்டையில போறவரைக்கும்."

வடிவம்மை நல்லது என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். அம்மை என்று நயினார் அவரைக் கூப்பிட்டது அதோடு நின்றது. அதற்கும் உதடு வேண்டுமே. அன்றிலிருந்து 'ஆசிரியை' ஆகிவிட்டார் வடிவம்மை.

விரதம் எடுப்பது எளிது, அதை வைத்துக்கொண்டு பந்தியில் உட்காருவதுதான் பாடு. சோறு என்று கேட்க முடியாது. குழம்பு, பருப்பு, மோர், அப்பளம் எல்லாமே உதட்டுக்காரச் சொற்கள். இலையில் உப்பு இல்லாவிட்டால் இல்லாததுதான். கீரை என்று கேட்கலாம், தயிர் என்று கேட்கலாம். சமையல் பார்த்த கோமு, பெரியவருக்குக் கீரை மேல் இவ்வளவு ஆசையா என்று மனம் இளகி, கிணற்றடியில் அவருக்காகவே ஒரு பாத்தி போட்டாள். நயினாருக்குச் சின்ன வயதிலிருந்தே கீரையைக் கண்டால் ஆகாது. இதை அவளிடம் சொல்வதற்கான சொற்களை அவர் வெகுகாலம் தேடிக்கொண்டிருந்தார்.

தன் பெயரைக்கூட அவரால் சொல்ல முடியாது. தம்பி என்று சொல்ல முடியாது, 'இளையான்' என்றுதான் சொன்னார். எதற்காக இந்த விரதம் என்று ஊர்க்காரர்கள் கேட்டால், "நாக்கினால் தீங்கிழைத்தேன்" என்பார்.

"நாக்கு என்ன பண்ணிச்சு, பாவம்" என்றார் ஒருமுறை வடிவம்மை. உதடு என்ற சொல்லுக்கும் உதடு குவிய வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததா. நயினார் தலையைக் குனிந்துகொண்டார்.

பேர் பரவியது. உதடு கூட்டாச் சாமி என்று அக்கம்பக்கத்து ஊர்களில் பேசிக்கொண்டார்கள். மாட்டுச் சந்தைக்கு வந்தவர்கள் ஒரு எட்டு மடத்துக்கும் வந்து, எதையாவது கேட்டு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யாரும் வராத நாளில் ஒரு மாதிரி வெறிச்சென்று இருந்தது. அவர் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டார் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நிரோட்டமாகவே அம்மன் மேல் ஒரு அந்தாதி எழுதினார். வடிவம்மை முழுக்கப் படித்துப் பார்த்தார்.

"தளை எங்கயும் தட்டல. வழுக்குத பாறை மாதிரி நல்லா வழவழன்னு இருக்கு" என்றார்.

அது பாராட்டா என்று நயினாருக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

தைப்பூசத்தன்று காலையில் மடத்து முற்றத்தில் அரங்கேற்றம் என்று நாள் குறித்தார்கள். மேலூரிலிருந்து ஒரு புலவர் சோதிக்க வந்திருந்தார். சோதனை என்றால் வேறொன்றுமில்லை. பாடுகிறவரின் கீழுதட்டில் குழைத்த குங்குமத்தைத் தடவிவிடுவார்கள். பாடி முடித்தபின் மேலுதட்டை வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்ப்பார்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் நிரோட்டம் தேறியது.

முற்றம் நிறைய ஆட்கள். புலவர் தன் கையாலேயே குங்குமம் தடவினார். நயினார் பாடத் தொடங்கினார். அந்தக் கட்டைக் குரலுக்கு அப்படி ஒரு குழைவு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதற்சொல்லாக, கண்ணி கண்ணியாக அந்தாதி நீண்டது. உதடு மட்டும் கூடவில்லை. புலவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

பாதி தாண்டியிருக்கும். ஒரு பாட்டு முடிந்து அடுத்ததற்கு மூச்செடுக்கும் இடைவெளியில், வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அண்ணாச்சி."

எல்லாரும் திரும்பினார்கள். நயினார் திரும்ப வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரல் மழலை பேசிய காலத்திலிருந்தே அவருக்குத் தெரியும்.

தம்பி இளைத்திருந்தான். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. கையில் வாழைச் சருகில் கட்டிய வெற்றிலைக் கட்டு, மேலே ஈரத்துணி. கடையநல்லூர்ப் பக்கம் யாருடைய கொடிக்காலிலோ வேலை பார்க்கிறான் போலும், விரல் நுனிகள் கறுத்திருந்தன. உதடு கூட்டாச் சாமியைப் பற்றி யாரோ சொன்ன அடையாளத்தைக் கேட்டுவிட்டு விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"நல்லா இருக்கியளா அண்ணாச்சி?" என்று கேட்டான். படியேறவில்லை. வரலாமா என்று தெரியாமல் வெளியிலேயே நின்றான்.

நயினார் அடுத்த பாட்டை எடுக்கவில்லை. அவ்வளவு சந்தோஷத்தை அந்த உடம்பு தாங்கிப் பல வருஷம் ஆகியிருந்தது. தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வா என்று சொல்ல வேண்டும். மன்னிச்சிருடே என்று சொல்ல வேண்டும். மூன்றையும் மனத்துக்குள் எடுத்துப் பார்த்தார். மூன்றுக்கும் உதடு வேண்டும்.

முற்றமே அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழுதட்டில் குங்குமம் கனத்தது. விளக்கைத் தொட்டுச் செய்த சத்தியம் கண்ணெதிரே நின்றது. அவர் அவசர அவசரமாகச் சொல் தேடினார். வீட்டுக்கு வந்தவனைத் தங்கச் சொல்ல உதடு வேண்டாத சொல் ஏதாவது இருக்காதா? கடைசியில் ஒன்று அகப்பட்டது. தங்கிச் செல்க. இருந்துவிட்டுப் போ என்று அர்த்தம். மரியாதையான வார்த்தைதான்.

சொன்னார். ஆனால் துக்கம் அடைத்த தொண்டையில் முதற்சொல் சிக்கிக்கொண்டது. காற்றோடு காற்றாகத் 'தங்கி' போய்விட்டது. மற்றது மட்டும் கணீரென்று வந்தது.

"செல்க."

தம்பிக்கு அந்தச் சொல் மட்டுமே கேட்டது. முகம் வாடியது, ஆனால் ஆச்சரியப்படவில்லை. எதிர்பார்த்துத்தான் வந்திருப்பான்.

"சரி அண்ணாச்சி. ஒங்களைப் பாக்கணும்னு இருந்துச்சு, பாத்துட்டேன்" என்றான். வெற்றிலைக் கட்டை முதல் படியில் வைத்துவிட்டு ஆற்றுப்பாதையில் இறங்கி நடந்தான்.

முற்றத்தில் இருந்தவர்களுக்கு இதெல்லாம் என்ன தெரியும். இவ்வளவு இக்கட்டிலும் உதடு கூடவில்லையே என்று புலவர் மெய்சிலிர்த்துப் போனார். முன்வரிசையில் ஒருவர் கைதட்டினார். தொற்றிக்கொண்டு எல்லாரும் தட்டினார்கள்.

நயினார் வடிவம்மையைப் பார்த்தார். கரையில் நின்று தண்ணீருக்குள் விழுந்த பிள்ளையைப் பார்க்கிறவர் முகம் போல் இருந்தது நயினாரின் முகம்.

"என்ன செய்ய?" என்றார். அதற்கும் உதடு கூடவில்லை.

வடிவம்மை எழுந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசல்வரை போனார். யாரையோ கூப்பிடப் போகிறவர்போல் வாயருகே கையைக் கொண்டுபோனவர், கையை இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"போறவரைக் கூப்பிடலாம்னு பாத்தேன், பேரு தெரியல. நீங்களும் இளையான் இளையான்னுதான் சொல்லியிருக்கிய. உங்க தம்பி பேரென்ன, நயினார்?"

கைதட்டல் நின்றது. ஆற்றுப்பாதை வளைகிற இடத்தில் தம்பியின் தலை தெரிந்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் மறைந்துவிடும்.

நயினார் வாயைத் திறந்தார். தாய் தகப்பன் வைத்த பெயர். தகப்பன் சொல்ல, இவர்தான் குழந்தையின் காதில் முதலில் சொன்னார். அந்தப் பெயரில் உதட்டுக்கு ஓய்வே கிடையாது. முதலில் குவிய வேண்டும், பிறகு ஒட்ட வேண்டும், ஒட்டியபடியே இருந்து பிறகு படாரென்று திறக்க வேண்டும்.

"கொம்பையா!"

மடத்துக் கூரையில் இருந்த புறாவெல்லாம் எழுந்து பறந்தது. கொடிக்காலின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்குக் கூப்பிட்ட பழைய குரல் அது.

"கொம்பையா, வாடே. வந்திருடே. மாப்பு கேக்கேம்டே, வா."

சொல்லிக்கொண்டே ஓடினார். வேட்டி தடுக்கியது, அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓடினார். கொம்பையா திரும்பி நின்றான். இப்போதும் அண்ணன் சொன்னதைத்தான் அவன் செய்தான். வந்தான்.

வழியில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று எழுதினால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். ஆனால் அப்படித்தான் நடந்தது. அழுது முடித்து முகத்தைப் பார்த்த கொம்பையா, "வெத்திலைய விட்டுட்டியன்னு சொன்னாவ, வாயெல்லாம் செவப்பா இருக்கு?" என்று கேட்டான். மேலுதடு கீழுதடு இரண்டிலும் குங்குமம் அப்பியிருந்தது.

துணியால் ஒற்றிப் பார்க்க வேண்டிய அவசியம் புலவருக்கு இருக்கவில்லை. பாதியில் முறிந்த அரங்கேற்றத்துக்கு எந்தச் சாத்திரத்திலும் பேர் இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் புறப்பட்டார். கூட்டத்தில் சிலருக்கு ஏமாற்றம். சத்தியம் பண்ணிவிட்டு மீறினால் கண் போய்விடும் என்று ஒருவர் சொன்னார். தன் தம்பியைப் பார்த்து வெகுநாளாயிற்று என்று இன்னொருவர் யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊருக்கு நடந்தார்.

பந்தியில் கோமு வழக்கம்போல் நயினார் இலையில் கீரையை அள்ளி வைத்தாள். நயினார் அவளை நிமிர்ந்து பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல இப்போது எந்தத் தடையும் இல்லை. கொம்பையா பக்கத்தில் உட்கார்ந்து ருசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நயினார், "உப்பு கொஞ்சம் வை, தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு, கீரையைப் பிசைந்து சாப்பிட்டார்.

வெயில் தாழ்ந்தபின் கொம்பையா ஆற்றில் குளிக்கப் போனான். மடத்தின் பின்பக்கம், ஆறு தெரிகிற ஒரே படிக்கட்டில் வடிவம்மை உட்கார்ந்திருந்தார். நயினார் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார். கொம்பையா தண்ணீரில் முங்குவதும் எழுவதுமாக இருந்தான். ஒவ்வொரு முறை அவன் முங்கும்போதும் நயினாருக்குப் பேச்சு நின்றுவிடும், தலை வெளியே தெரிந்தபிறகுதான் தொடரும்.

விளக்கைத் தொட்டுச் செய்த சத்தியம் போய்விட்டது என்றார். ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு மீறினேன் என்றார். அந்தாதி அந்தரத்தில் நிற்கிறது, உங்கள் மடத்துக்கும் என்னால் கெட்டபேர் என்றார். வடிவம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நயினார் பிறகு கேட்டார்.

"அம்மை, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன், சொன்னிய. அது எங்கேருந்து வந்துச்சுன்னு கேக்கத் தோணவே இல்ல. உதட்டைச் சேக்காம மொதமொதல்ல யாரு பேசினது?"

"பழைய கதை ஒண்ணு சொல்லுவாங்க. ஒருத்தனுக்கு உதட்டுல காயம் பட்டுட்டு. ரெண்டு உதடும் ஒட்டினா உயிர் போற மாதிரி வலி. பேசாமயும் அவனால இருக்க முடியல. அதனால உதடு கூடாத சொல்லாப் பாத்துப் பொறுக்கி எடுத்துப் பேசினான். அழகாத்தான் இருந்துச்சு. கேட்டவங்க அதுக்கு ஒரு பேரு வச்சுட்டாங்க."

"அப்புறம்?"

வடிவம்மை அவர் முகத்தைப் பார்த்தார்.

"அப்புறம் என்ன, காயம் ஆறிட்டு."